தண்ணீரில் சேராத மூச்சு

பவளம் வளர்க்கும் தொட்டியின் விளக்கு அணைந்துவிட்டால் தண்ணீரின் காரத்தைச் சொல்லும் பி.எச். எண் மெல்ல இறங்க வேண்டும். இத்தனை வருஷமாக அது இறங்கித்தான் வந்திருக்கிறது. ஆனால் அன்று சாயங்காலம், எட்டு புள்ளி மூன்று என்று இருந்த எண், அவள் துணி மடித்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எட்டு புள்ளி நான்கு என்று மாறியிருந்தது.

மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் ஜன்னல்களையெல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தாள். உப்புத் தண்ணீரின் வாடையும், மருந்து நெடியும், காயாத துணியின் ஈர நாற்றமும் வெளியே போக வழியில்லாமல் படுக்கையறையிலேயே சுற்றிக்கொண்டிருக்க, பம்பு முனக, கீழ்த்தொட்டியில் தண்ணீர் சலசலவென்று விழ, கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்த அவள் கணவர் கண்ணைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏறுதா?"

"ஏறுதுங்க."

"சுண்ணாம்புத் தண்ணி சொட்டறத நிறுத்திப் பாரு, அதுதான் ஏத்தும்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறானாலும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பிடிபட்டுவிடும் என்பது அவர் கட்சி. வேலை விட்டு வந்தால் தொட்டியே கதி. "எனக்கு வாய்ச்ச சக்களத்திக்கு நீச்சல் வேற தெரியும்" என்று அவள் சொல்லாத உறவுக்காரர்கள் இல்லை. இப்போது அந்தச் சக்களத்திக்கு அவள்தான் பணிவிடை செய்துகொண்டிருந்தாள்.

அவருக்கு நுரையீரல் முழுக்கச் சளி. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாமலில்லை. வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்த அன்று, ஆம்புலன்ஸ்காரர் அவர் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அவள் அழவில்லை. ஆறிக்கொண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுங்க, எப்படி வந்தாலும் சரி, வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "தொட்டிய யாரு பாத்துக்கிட்டா?" என்றார்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார் போன் செய்தால் "தூங்குறார்" என்று வைத்துவிடுவாள். டாக்டரைக் கூப்பிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் கைக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. கிடைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் அவளுக்கு. அவர் சாப்பிடவில்லை, பசியில்லை என்றார். இருமல் உனக்கும் ஒட்டிக்கொள்ளும், நீ ஹாலில் படு என்றார். வந்ததிலிருந்து அவர் ஒரு தடவைகூட இருமவில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. உறைக்க விடவில்லை என்பதுதான் நிஜம்.

சுண்ணாம்புத் தண்ணீரை நிறுத்தினாள். விடிந்தபோது எண் எட்டு புள்ளி ஐந்து. மீட்டரின் முனையைச் சோதனைத் திரவத்தில் முக்கிப் பார்த்தாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. நுரை எடுக்கும் கருவிக்கு ஜன்னலிடுக்கு வழியாக வெளிக்காற்று இழுக்கும் குழாயை, அறைக்காற்றையே இழுக்கட்டும் என்று, உள்ளே எடுத்துப் போட்டாள். அப்படியும் ஏறியது. பம்பின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டியது. பவளங்களின் நுனிகள் சுட்டதுபோல் வெளுத்தன. அவர் வளர்த்ததெல்லாம் தன் கையில் சாகிறதே என்று, மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைக்காரருக்கு ஹாலிலிருந்து போன் போட்டாள்.

"சுண்ணாம்பு நிறுத்தியாச்சு, மீட்டர் சரி, குழாயும் உள்ள. அப்போ ரூம் காத்துதான்க்கா. நாம விடுற மூச்சு தண்ணில கலந்தா பி.எச். இறங்கும். அண்ணன் சொல்வாருல்ல, அவங்க அக்கா குடும்பத்தோட வந்தா மீனுக்கே மூச்சு முட்டுதுன்னு?"

அவள் சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பிறகு முதல் சிரிப்பு.

"அந்த ரூம்ல யாருக்கா படுக்குறா?"

"அவர்தான். நாள் பூரா உள்ளதான்."

"கதவு?"

"குளிருதுங்கிறார். சாத்திதான் இருக்கு."

"அப்படின்னா இறங்கியே ஆகணுமே. இது பூட்டின வீட்டுக் கணக்கால்ல இருக்கு" என்றார் கடைக்காரர். பிறகு, "ஆளில்லாத வீட்லகூட இவ்வளவு ஏறாதுக்கா. நல்லா பாருங்க" என்றார்.

அவள் போனை வைத்தாள். சிரித்த வாய் இன்னும் மூடவில்லை.

படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். தொட்டியின் நீல விளக்கில் சுவர், கட்டில், அவர் முகம் எல்லாம் ஒரே நிறம். பம்பு முனகியது. தண்ணீர் விழுந்தது. மழை. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு மிச்சம் என்ன கேட்கிறது என்று நின்று கேட்டாள். ஒரு மூச்சு கேட்டது. அது அவளுடையது.

தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லை.

கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். நெஞ்சின் மேல் போர்வை, காலையில் அவள் மடித்துவிட்ட மடிப்புக் கலையாமல் இருந்தது. விரலை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். காத்திருந்தாள்.

"என்னம்மா தேடுற?"

உதடு அசைந்தது. வார்த்தை வந்தது. விரலில் காற்றுப் படவில்லை.

முட்டிக்கொண்டு வந்தது அழுகை. பயம் அப்புறம்தான். அன்றைக்கு அழாமல் வைத்திருந்ததெல்லாம் இப்போது மொத்தமாக வந்தது. போய்விட்டார். ஆம்புலன்ஸ்காரர் படியிறங்கும்போதே போய்விட்டார். அந்தத் தண்ணீருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

"மூச்சு விடுங்க" என்றாள். "ஒரு தடவ. எனக்காக."

அவர் அவளையே பார்த்தார். புது மிஷினைப் பார்ப்பதுபோல, பொறுமையாக.

"அது வேணுமா? கேட்டிருந்தா அப்பவே செஞ்சிருப்பேனே, நீ கூப்பிட்டுத்தான வந்தேன், நீ எது சொன்னாலும் செய்யத்தான வந்தேன்" என்றார், இடையில் எங்கும் நிறுத்தாமல்.

அவர் பார்வை அவள் முகத்திலிருந்து கீழே இறங்கி, விம்மலில் ஏறி இறங்கும் அவள் மார்பில் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தார். கற்றுக்கொண்டிருந்தார்.

போர்வை அசைந்தது.

முழங்காலருகே. மெதுவாக உப்பியது. அடங்கியது.

"இப்படியா?"

அவள் எழுந்திருக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஹாலில் போன் அடிக்க ஆரம்பித்தது.

இன்னொரு தடவை. இப்போது தொடையில். பிறகு வயிற்றில், ஒரு பக்கம் மட்டும்.

"இப்படியாம்மா?"

அதே குரல். சாவி தொலைத்தால், பால் பொங்கி வழிந்தால், எதற்கும் கோபப்படாத அதே குரல். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். இல்லை என்று. பிறகு கையை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேலங்க" என்றாள்.

மேலே வந்தது. நெஞ்சைத் தாண்டிக் கழுத்துக்கு வந்து நின்றது. மூடிய வாய்க்குக் கீழே, அவள் அழுகையின் வேகத்துக்குச் சரியாக, அவர் தொண்டை உப்பி உப்பி அடங்கத் தொடங்கியது.