எட்டுப் பிட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் துப்பறிவாளர் வைகுண்டராஜின் வாசலில் வந்து நின்றாள் சுடலைமாடத்தி.

"ஐயா, ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில எம்புருசன், கட்டுத்துணியை ஆவியில வேக வச்சுக் கிருமியைக் கொல்ற ஸ்டெரிலைசர் ஓட்டுறாரு. நேத்து அதோட வால்வு வெடிச்சுப்போச்சு. அவருதான் வேணும்னே சூட்டை ஏத்துனாருன்னு சொல்லுதாக. இன்னைக்கு மறுபடி ஓட்டிக் காட்டணுமாம், இல்லன்னா போலீசாம். செத்துருவாருய்யா!"

உதவியாளர் ஜெயசித்ரா அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

கம்பெனியில் புது வால்வு மாட்டியிருந்தார்கள். மெஷின் முன்னால் மாடத்தியின் கணவர் சங்கிலிப்பாண்டி வியர்த்துப்போய் நின்றார். பக்கத்தில் முதலாளி நவநீதகிருஷ்ணனும், மெஷினுக்குக் கன்ட்ரோல் போர்டு மாட்டிய ஜோயலும் இருந்தார்கள்.

"எம்புட்டு சூடு வச்சீரு?" என்றார் வைகுண்டராஜ்.

"எப்பவும் நூத்தி இருபத்தொண்ணு. நேத்து புது ஆர்டருக்கு நூத்தி முப்பத்திநாலு வைக்கச் சொன்னாக. நூத்தி இருபத்தேழு வரைக்கும் ஏறுச்சு. பொறவு டக்குனு மைனஸ் காட்டுச்சு. ஐஸை விடக் குளிராம்! ஆனா கிட்ட நிக்க முடியலை. பயந்து வெளிய ஓடிட்டேன்."

"பொய்," என்றார் முதலாளி.

"போர்டு மாட்டும்போது ஜோயல் என்ன சொன்னாரு?" என்று சங்கிலிப்பாண்டியிடம் கேட்டார் வைகுண்டராஜ்.

"எட்டுப் பிட்டுதான் தாங்கும்னாரு. அதான் எட்டுப் பிட்டுத் துணிக்கு மேல நான் வைக்கிறதே இல்லை."

"ஒன்பதாவது துணியை யாரோ வச்சிருக்காங்க சார்!" என்று துள்ளினாள் ஜெயசித்ரா.

"துணி இல்லைம்மா," என்றார் வைகுண்டராஜ். "இது கம்ப்யூட்டர் பிட்டு. அளக்குற சூட்டை எட்டு இடத்துல, சைபரும் ஒண்ணும் வச்சுத்தான் இந்த போர்டு எழுதும். பிளஸ்ஸா மைனஸாங்கிறதுக்கே ஒரு இடம் போயிரும். மிச்ச ஏழு இடத்துல நூத்தி இருபத்தேழுக்கு மேல எழுத முடியாது. ஒண்ணு கூடுனாலும் மைனஸ்ல போய் விழுந்துரும். மெஷினும் குளிருதுன்னு நெனச்சுச் சூட்டை ஏத்திக்கிட்டே இருக்கும்."

"கதை!" என்றார் ஜோயல். "நான் போட்டது பதினாறு பிட் போர்டு. முப்பத்திரண்டாயிரம் வரைக்கும் எழுதும்."

"அப்ப நீங்களே ஓட்டுங்க. நூத்தி முப்பத்திநாலு," என்றார் வைகுண்டராஜ்.

ஜோயல் பட்டனை அமுக்கினார். சூடு ஏறத் தொடங்கியது. திரையில் நூற்று இருபத்தைந்து வந்ததும் ஜோயல் பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"பதினாறு பிட்டுன்னா இன்னும் எம்புட்டோ தூரம் இருக்கே, எதுக்கு இந்த ஓட்டம்?" என்றார் வைகுண்டராஜ்.

சுடலைமாடத்தி கணவரின் கையைப் பிடித்து மெஷினை விட்டு இழுத்துக்கொண்டாள்.

"மொதலாளி, இவரு எங்கேருந்து ஓடுனாருன்னு பாத்தீகல்ல? எம்புருசனை நிக்கச் சொன்னீகளே, அதே எடம்."