பின்வாசல் படி

இரும்புக் கல்லில் மூன்றாவது உருளைக்கிழங்கு ரொட்டியைத் திருப்புவதற்குள் நாத்தனார் ஆர்டிஸ் இரண்டாவது குறையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"உருளைக்கிழங்கு சரியா மசியவே இல்ல. நார்வேயிலிருந்து வந்தவங்க வாயில வைக்கிற மாதிரியா இருக்கு இது?"

லவோன் அடுத்த உருண்டையை எடுத்துத் தேய்த்தாள். பதில் சொல்லிப் பழக்கமில்லை. மினசோட்டாவில் இந்தப் பண்ணைக்கு மருமகளாக வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆர்டிஸ் ஒருநாளும் அவளை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவாள்? லவோனின் அப்பா பால்மர் இதே பண்ணையில் முப்பது வருஷம் கூலிக்கு மாடு கறந்தவர். மதியம் தட்டை வாங்கிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். வீட்டுக்காரர்கள் உள்ளே மேஜையில். முதலாளி மகன் டெல்மர், கட்டினால் பால்மர் மகளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டார், சரி. ஆனால் மாமனார் ஆன பிறகும் அந்த மனுஷனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க டெல்மருக்குத் துணிச்சல் வரவில்லை. கண்ணை மூடுகிறவரை பால்மருக்குப் படிதான்.

அன்றைக்கு டெல்மரின் பிரெக்கே குடும்பத்துக் கூடுகை. நாலு மாநிலங்களிலிருந்து சொந்தபந்தம் வந்து முற்றத்து மரத்தடியில் மேஜை போட்டுக்கொண்டிருந்தது. டெல்மருக்கு வயதாக ஆக ஒரே பைத்தியம், பிரெக்கே என்ற பெயரின் பூர்வீகம்தான். கூடத்துச் சுவரில் நார்வே மலைச்சரிவில் நிற்கும் ஒரு பெரிய வெள்ளை வீட்டின் படம் மாட்டியிருந்தார். அதுதான் பிரெக்கே பண்ணை. "நிலத்தை ஆண்ட ரத்தம்டா நம்மது" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார். அந்தப் பண்ணையை இப்போது வைத்திருக்கிற குன்வோர் என்ற அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்தும் விட்டார். முந்தின நாள்தான் வந்திருந்தாள். மதியம் ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் அவள் பேச வேண்டும்.

ஆர்டிஸ் மேஜைத் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே போன பிறகு குன்வோர் அடுக்களைக்குள் வந்து, கேட்காமலே உருட்டுக் கட்டையை வாங்கிக்கொண்டாள். நல்ல மனுஷி. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரோட கொள்ளுத் தாத்தா அந்தெர்ஸ் எங்க சொந்தம் இல்லீங்க. எங்க மேட்டுக் குடிசையில இருந்தவரு. குடிசைக்கு வாடகையா எங்க நிலத்துல உழைச்சாரு. எங்க பக்கம் எந்தப் பண்ணையில இருக்கோமோ அந்தப் பேரு ஒட்டிக்கும். முதலாளிக்கும் அதே பேரு, கூலிக்கும் அதே பேரு. கப்பலேறினப்ப அதையே எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. இதெல்லாம் டெல்மருக்குத் தெரியும்தானே?"

லவோனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இத்தனை வருஷம் வாங்கிய குத்தலுக்கெல்லாம் இன்றைக்கு வட்டியும் முதலுமாகக் கிடைக்கப்போகிறதே! அடுத்த கணம், சிரித்ததற்காக வெட்கமும் வந்தது. பேரப்பிள்ளைகள் நடுவே டெல்மர் தலைகுனிந்து நிற்பது கண்முன் தெரிந்தது. குன்வோரின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்க பேசவே வேண்டாம்... உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

வலைக்கதவுக்கு வெளியே நின்ற ஆர்டிஸின் காதில் இது மட்டும்தான் விழுந்தது.

மதியம் டெல்மர் பெருமையாக அழைத்தபோது குன்வோர் தலையசைத்து மறுத்துவிட்டாள். அவர் முகம் விழுந்துபோனது. ஆர்டிஸ் எழுந்தாள்.

"அவங்க எப்படிப் பேசுவாங்க? பேசக் கூடாதுன்னு இவதான் காலையில கெஞ்சினா. நம்ம பேரு விளங்கினா இவளுக்கு வயித்தெரிச்சல். கூலிக்காரன் பொண்ணுக்கு வேற என்ன புத்தி வரும்?"

டெல்மர் மனைவியைப் பார்த்து நிஜமா என்று கேட்டார். ஆமாம் என்றாள் லவோன்.

"இத்தன வருஷம் இந்தப் பேரப் போட்டுக்கிட்டும் உனக்கு இது சொந்தமாகலயா, லவோன்?"

அவ்வளவு பேர் முன்னால் கேட்டார். லவோன் முன்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். குன்வோருக்குத் தாங்கவில்லை. கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அந்தெர்ஸ் குடிசையின் அடித்தளக் கல், அன்பளிப்பாகக் கொண்டுவந்தது. காலையில் சொன்னதையெல்லாம் மெதுவாக மறுபடி சொன்னாள்.

"உங்க மானம் போயிடக் கூடாதுன்னுதான் அவங்க என் கையைப் பிடிச்சாங்க. வெட்கப்பட வேண்டியது நாங்க. எங்க முன்னோருங்க அந்தெர்ஸை ஒருநாளும் மேஜையில உக்கார வெச்சதில்ல. வாசல்லதான் தட்டு."

டெல்மர் கல்லைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. பிறகு தன் தட்டைத் தூக்கிக்கொண்டு, தலைமை நாற்காலியை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

லவோன் வலைக்கதவைத் திறந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க, எல்லாரும் பார்ப்பார்கள் என்றாள். பார்க்கட்டும் என்றார்.

"உங்கப்பா இங்க உக்காந்து சாப்பிடறத நான் ஜன்னல் வழியா பாத்திருக்கேன். நம்ம கல்யாணத்துக்கு அப்புறமும் பாத்தேன். உள்ள வாங்க மாமான்னு ஒரு வார்த்த... வரல லவோன். என் வாயில வரவே இல்ல."

"அவரு அதுக்காக வெட்கப்பட்டதில்லங்க. நான்தான் வெட்கப்பட்டேன். அவருக்காக இல்ல... உங்களுக்காக."

டெல்மர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கி அழுதார். அவள் கொஞ்ச நேரம் அழவிட்டாள். அப்புறம், நகருங்க என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. ஆர்டிஸ். கையில் தட்டு, தட்டில் லவோன் சுட்ட ரொட்டி. கண் சிவந்திருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கும் எடம் இருக்கா... அண்ணி?"

லவோன் திரும்பிப் பார்க்கவில்லை. படியின் ஓரத்தைக் கையால் துடைத்தாள்.

"எங்கப்பா முப்பது வருஷம் உக்காந்த எடம். தேஞ்சு வழவழன்னுதான் இருக்கும். உக்காரு."