பெயர் சொல்லாத கூப்பாடு

சியோல் திடலில் அன்று கால் வைக்க இடமில்லை. மாரத்தான் ஓட்டத்தில் முதலில் வருகிறவர் ஒலிம்பிக்குக்குப் போவார். எங்கள் கொரியாவுக்காக என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. எங்களைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஜப்பானுக்காக!

கொரிய வீரன் ஹக்சுவின் பெயரைக்கூட மாற்றி, "ஹயாஷி" என்று எழுதிவிட்டார்கள். என்ன அநியாயம் பாருங்கள்!

காலையிலேயே அவன் முகம் வாடியிருந்தது. "எல்லாரும் ஹயாஷின்னு கத்துவாங்க. வேற எவனுக்காகவோ ஓடுற மாதிரி இருக்கும். பாதியிலயே நின்னுடுவேனோன்னு பயமா இருக்கு, ஓக்புன்" என்றான் தங்கையிடம்.

"நான் உன் பேரைச் சொல்லிக் கத்துறேன்!" என்றாள் பத்து வயது ஓக்புன்.

"ஐயோ, வேணாம்! போலீஸ் காதுல விழுந்தா என்னை ஒலிம்பிக்குக்குச் சேர்க்க மாட்டாங்க."

ஓட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு ஹக்சு இரண்டாவதாகத் திடலுக்குள் வந்தான். "ஹயாஷி! ஹயாஷி!" என்று ஒலிபெருக்கி அலறியது. அவன் தலை தொங்கியது. கால்கள் தளர்ந்தன.

ஓடுபாதைக் கயிற்றோரம் நின்ற ஓக்புன் தவித்துப்போனாள். பெயரைச் சொன்னால் ஆபத்து. சும்மா இருந்தால் நின்றேவிடுவான். சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. எங்கள் ஊரில் எந்தத் தங்கைதான் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்?

"அண்ணா! ஓடுண்ணா!"

போலீஸ்காரர் பாய்ந்து வந்தார். "ஏய், யாரைக் கூப்பிடுற?"

"எங்க அண்ணனைத்தாங்க. நான் பேரே சொல்லலையே!"

அதற்குள் பக்கத்தில் நின்ற நரைத்த தாடிக்காரர், "அண்ணா!" என்று கத்தினார்.

"யோவ், உனக்கு அவன் அண்ணனா?"

"இன்னைக்கு மட்டும் ஆமாங்க!"

அவ்வளவுதான். "தம்பி!", "மகனே!", "அண்ணா!" என்று திடலே கூப்பாடு போட்டது. இத்தனை சொந்தக்காரர்களையும் எந்தச் சிறையில் அடைப்பது? போலீஸ்காரர் திருதிருவென்று விழித்தார்.

ஹக்சு நிமிர்ந்தான். முன்னால் ஓடியவனைத் தாண்டி, முடிவுக் கோட்டைத் தொட்டான்.

ஆனால் கம்பத்தில் ஏறியது ஜப்பான் கொடி. ஹக்சு தலை குனிந்து அழுதான்.

பரிசு மேடையிலிருந்து இறங்கியவனிடம் ஓக்புன் ஓடினாள். "அழாதண்ணா, நீதான் ஜெயிச்சுட்டியே."

"ஹயாஷிதானே ஜெயிச்சான்?"

"அவனை யாருக்குத் தெரியும்? நாங்க கூப்பிட்டது உன்னைத்தான்."

ஹக்சு கண்ணைத் துடைத்துக்கொண்டான். கூட்டத்தின் பக்கம் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். அத்தனை சொந்தக்காரர்களும் அவனுக்குத் திரும்பக் குனிந்தார்கள்.