அடித்து எழுதியது

அமலி கண் விழித்தபோது அன்றைய நாள் அவளுக்காகத் தயாராக இருந்தது. மணிக்கட்டுப் பட்டையில், நேரத்தை வகுத்துத் தரும் பொறியான நிரலி அதைப் பச்சை எழுத்துகளில் காட்டியது. நடை, குளியல், இடியாப்பம், துறைமுகச் சாலையில் நெரிசல் குறையும் வேளைக்கு வண்டி. அவள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நடையும் குளியலும் இடம் மாறிக்கொண்டன. வேறு யாருடைய காலையிலோ ஏதோ நகர்ந்திருக்கும். அதற்கேற்ப இவளுடையதும் நகர்ந்தது. தூத்துக்குடியின் நிரலிகள் எல்லாம் தமக்குள் பேசிப் பேசி, விடிவதற்குள் ஊரையே இஸ்திரி போட்ட சட்டைபோல மடித்து வைத்துவிடும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டையில் ஒரு சுருக்கமும் இருந்ததில்லை.

கரையில்தான் இது. கடலுக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு.

உயர்ந்துகொண்டே வந்த கடலை நகரத்துக்கு வெளியே நிறுத்த ஒரு மதகு கட்டிக்கொண்டிருந்தார்கள். அமலி அதன் திட்டத் தலைவி. மதகின் கதவுகளை இயக்கும் அடியறை கடல்மட்டத்துக்கு வெகு கீழே இருந்தது. தடித்த எஃகுச் சுவர்கள், அவற்றுக்கு வெளியே தண்ணீர். நிரலியின் அலைகள் அங்கே வந்து சேரவில்லை. கம்பி இழுத்துப் பார்த்தார்கள். பற்றவைப்பு மின்சாரம் அதைக் குழப்பியது. கடைசியில் மேலிடம் ஒரு முடிவெடுத்து, சிவகாசியில் அச்சடித்த காகிதக் கட்டுகளை ஆளுக்கொன்றாக அனுப்பி வைத்தது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, நடுவில் கோடுகள், கீழே ஒரு சிறு கட்டம். அட்டையில் 'திட்டக் குறிப்பேடு' என்று இருந்தது. எல்லோரும் அதை ஏடு என்றார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் வாரத்திலேயே பற்றவைப்பு மேற்பார்வையாளர் இசக்கித்துரை தன் ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மேடம், இது ரிப்பேரு. வேற குடுங்க."

"பேப்பர் எப்படி அண்ணாச்சி ரிப்பேர் ஆகும்?"

"திங்கக்கெழம ரப்பர் சீல் வரணும்னு தெளிவா எழுதி வச்சேன். இன்னும் வரல."

"குடோனுக்குச் சொன்னீங்களா?"

"அதான் எழுதுனேன்லா?"

"நீங்க எழுதுனது குடோனுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும். ஏடு யாருக்கும் சொல்லாது."

இசக்கித்துரை ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப இது என்னதான் செய்யும்?"

"சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கதுக்கா சிவகாசில இருந்து அனுப்பியிருக்காவ?"

அடியறை முழுக்கச் சிரிப்பு எதிரொலித்தது. அமலியும் சிரித்தாள், ஆனால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டாள். அவளும் ஏட்டை நிரலிபோல நினைத்து ஒரு தப்பு செய்திருந்தாள். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் அவள் பதினொரு வேலைகளை எழுதியிருந்தாள். நான்கு முடியவில்லை. மறுநாள் காலை புதிய பக்கத்தில் புதிய வேலைகளை எழுதிவிட்டு, எதற்கோ முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். அந்த நான்கும் அங்கேயே இருந்தன. உதிரவே இல்லை. வெளிச்சம் போட்ட அறைக்குள் யாரோ வந்து எட்டிப் பார்த்தது போல அவளுக்கு முகம் சுட்டது.

நிரலியில் அப்படி நடக்காது. முடியாத வேலையை அது இன்னொரு நாளுக்கு நகர்த்தும். அங்கும் முடியாவிட்டால் இன்னொன்றுக்கு. சில முறை நகர்ந்தபின், அது உண்மையில் தேவையில்லை என்று கணித்து, ஓசையில்லாமல் உதிர்த்துவிடும். உதிர்வு என்ற அந்த ஏற்பாட்டைக் கருணையோடுதான் கொண்டுவந்தார்கள். முடிக்காத வேலைகளின் பட்டியல்களுக்கு அடியில் ஒரு தலைமுறையே தூக்கமில்லாமல் கிடந்தது. உதிர்வு வந்தபின் ஜனங்கள் தூங்கினார்கள். அமலியும் நன்றாகத் தூங்குகிறவள். அதற்காக அவள் நன்றியோடும் இருந்தாள்.

இப்போது அந்த நான்கு வேலைகளையும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, இன்றைய பக்கத்தில் மறுபடி எழுதினாள். மூன்றை எழுதினாள். நான்காவதை எழுதக் கை வரவில்லை. அந்த வேலை தேவையில்லை என்று கைக்கு முதலில் தெரிந்தது, அவளுக்கு அடுத்து.

அதிலிருந்து அவளுக்கு ஏடு பிடிபட்டுவிட்டது. கடலைப் பொறுத்த காரியங்களைப் பென்சிலில் எழுதினாள். மனிதரைப் பொறுத்தவற்றைப் பேனாவில். ஒரே வேலை நாளுக்கு நாள் பெயர்ந்து வந்தால், அங்கே யாரோ எதையோ சொல்லத் தயங்குகிறார்கள் என்று அர்த்தம். போய் நின்று கேட்டால் தெரிந்துவிடும். இப்படித்தான் மூன்றாம் கதவின் கீல் ஒத்துவரவில்லை என்பது தெரிந்தது. அதை மாற்றியும் ஆயிற்று. மழைக்கு முன் மதகு முடியுமா என்று மேலே இருந்தவர்கள் கேட்டபோது, முடியும் என்றாள். நிரலி கணித்துச் சொன்னதை அவள் ஒப்பிக்கவில்லை. தான் அறிந்ததைச் சொன்னாள். அந்த வித்தியாசத்தைத் தன் குரலிலேயே கேட்டு அவளுக்கு வியப்பாக இருந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இருந்த அந்தச் சிறு கட்டத்தை மட்டும் அவள் தொடவில்லை. அதில் 'சொந்த வேலை' என்று அச்சிட்டிருந்தது. சொந்த வேலை நிரலியில் இருக்கிறது, இங்கே எதற்கு? ஒருநாள் சுவரில் அடித்த பூச்சு காயட்டும் என்று காத்திருக்கையில், பேனா தானாகப் போய் அந்தக் கட்டத்தில் எழுதியது.

கொரற்றி.

அவளுடைய தங்கை. மணப்பாட்டில் கடல்பாசி வளர்க்கிறவள். பேருந்தில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும் ஊர். இரண்டு பேருக்கும் சண்டை இல்லை, சொத்துத் தகராறு இல்லை, ஒரு சின்ன மனக்கசப்புகூட இல்லை. கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். கொரற்றியின் மஞ்சள் சேலை நினைவுக்கு வந்தது. அது எந்த வருடம் என்று வரவில்லை.

அன்று கரையேறியதும் நிரலியிடம் கேட்டாள்.

"தங்கையைச் சந்திப்பது என்ற காரியம் உதிர்ந்துவிட்டது," என்றது நிரலி, அதன் இதமான குரலில். "இருதரப்பு ஒப்புதலுடன்."

"எந்த இருதரப்பு?"

"உங்கள் நிரலியும் அவருடைய நிரலியும்."

"எப்போ?"

"உதிர்ந்தவற்றின் விவரம் உங்கள் மனநலன் கருதிக் காட்டப்படுவதில்லை."

அவள் அந்தக் காரியத்தைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தது. காலையில் கண் விழித்தபோது அது இல்லை. மறுபடி சேர்த்தாள், மறுநாளும் இல்லை. யாரும் மறுக்கவில்லை, யாரும் முடியாது என்று சொல்லவில்லை. கொரற்றியின் பாசி அறுவடைக்கும் இவளுடைய மதகுக்கும் நடுவே இரண்டு பொறிகள் நாகரிகமாகப் பேசி முடித்துக்கொண்டன.

ஏட்டில் அது உதிரவில்லை. ஒவ்வொரு காலையும் முந்தைய பக்கத்தில் தங்கையின் பெயரை அடித்தாள். புதிய பக்கத்தில் எழுதினாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பாரமாக. அதற்கும் பிறகு, அந்தப் பெயரை எழுதவே காலையில் ஏட்டைத் தேடித் திறக்க ஆரம்பித்தாள். அது ஆசை என்று கண்டுகொள்ள அவளுக்குச் சில பக்கங்கள் பிடித்தன. நகர்த்துவதை நிரலி செய்யும்போது ஆசை சத்தமில்லாமல் இறந்துபோகிறது. தன் கையால் அடித்து, தன் கையால் எழுதும்போது அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு வாய் சோறு கிடைக்கிறது.

ஒரு சனிக்கிழமைப் பக்கத்தில், கட்டத்தில் இல்லாமல், பக்கத்தின் நடுவில் பேனாவால் பெரிதாகக் 'கொரற்றி' என்று எழுதினாள். மற்ற வேலைகளை அதைச் சுற்றிப் பென்சிலில் எழுதினாள். பிறகு ஏட்டை இசக்கித்துரையிடம் காட்டினாள்.

"சனிக்கிழம நான் இல்ல அண்ணாச்சி. அழுத்தச் சோதனைய நீங்க பாத்துக்கிடுவீங்களா?"

"நிரலி ஒத்துக்கிட்டா?"

"அதுகிட்டக் கேக்கல."

இசக்கித்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் ஏட்டை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். "எழுதிட்டேன். குடோனுக்கும் நானே சொல்லிருதேன். போயிட்டு வாங்க மேடம்."

பேருந்து ஆத்தூர்ப் பாலம் தாண்டும்போது பட்டை அதிர்ந்தது. 'இந்தப் பயணம் உங்கள் நாளில் இல்லை.' மறுபடி அதிர்ந்தது. 'அவருடைய நாள் நிரம்பியுள்ளது.' அமலி பட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். மணப்பாட்டில் இறங்கியபோது, மணல்மேட்டின் மேல் கோயில் வெயிலில் வெள்ளையாக நின்றது. கடல் முன்பைவிட ஊருக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

கதவைத் தட்டினாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் சட்டென்று நின்றது.

எல்லோரும் நேரம் குறித்து வரும் ஊரில், குறிக்காமல் வருவது ஒன்றே ஒன்றுதான். அது அமலிக்குத் தட்டியபின்தான் உறைத்தது. கதவு திறந்தது. கொரற்றியின் முன்நெற்றி முடி நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"அக்கா! யாரு? யாரு போயிட்டா?"

"ஒருத்தரும் போகலட்டி."

"பொய் சொல்லாத. அத்தானா?"

"அவர் வீட்டுல கால நீட்டிட்டு மேட்ச் பாக்காரு. நான் சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" கொரற்றி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு திரும்பியதும் கோபமும் திரும்பியது. "சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னா மனுசி என்னன்னு நெனப்பா? உசுரே போயிட்டு. சும்மா வந்தாளாம், சும்மா!" திட்டிக்கொண்டே அக்காளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இழுத்த பிடியை விடவில்லை.

உப்பும் பாசியும் மணத்த சமையலறையில் இருவரும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். கண்ணாடி எப்போது போட்டாய், முழங்கால் எப்படி இருக்கிறது, இந்த நாய் யாருடையது. கேட்கக் கேட்கத் தீரவில்லை. இடையில் கொரற்றி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நானும் உன்ன நெனப்பேன்க்கா. நாளைக்கி அக்காவப் போயிப் பாக்கணும்னு சொல்லிட்டுப் படுப்பேன். காலைல எந்திரிச்சா அது இருக்காது. சரி, அவ்வளவு முக்கியமில்ல போலன்னு நெனச்சுக்கிடுவேன்." டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "எனக்கு நீ முக்கியம்னு எனக்கே தெரியல பாத்தியா."

அமலி பையிலிருந்து ஏட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். கொரற்றி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினாள். வால்வு, சீல், கீல், சம்பளப் பட்டியல். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவளுடைய பெயர். பெயரின்மேல் ஒரு கோடு. அடுத்த பக்கத்தில் மறுபடி பெயர், மறுபடி கோடு. கோடுகளின்மேல் விரலை ஓட்டினாள். பேனா அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"எத்தன தடவக்கா என்னைய அடிச்சிருக்க?"

"சின்ன வயசுல அடிச்சதவிடக் கம்மிதான்."

கொரற்றி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். நாய் எழுந்து வந்து இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வெயில் சாய்ந்ததும் அமலி கிளம்பினாள். கொரற்றி வாசலை மறித்து நின்றாள்.

"அடுத்து எப்ப வருவ?"

"பாப்போம்டி."

"பாப்போம்னா வரமாட்டன்னு அர்த்தம். அடிச்சுச் சொல்லு."

"மதகு வேல இருக்குல்லா..."

"அந்தப் பேனாவக் குடு."

அவள் ஏட்டை வாங்கி, கனமாக ஒரு பிடி பக்கங்களைத் தள்ளி, கண்ணில் பட்ட பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. 'கொ' பெரிதாகவும் 'ர' சிறிதாகவும் விழுந்தன. புள்ளி வேறெங்கோ போய் உட்கார்ந்தது. அந்த நாளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள்.

"ஐயையோ, இங்க என்னமோ எழுதியிருக்கு. மாநில... ஆய்வுக் குழு வருகையா? இது பெரிய ஆளுவ விசயமில்லாக்கா? நான் வேற நாள்ல எழுதிருதேன்."

அமலி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஆய்வுக் குழுவின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு நிரலி இருந்தது. அவற்றை நகர்த்துவது லேசல்ல. ஏன் என்று கேட்பார்கள். அவள் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கும், நேருக்கு நேராக, தன் வாயால். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"இருக்கட்டும்ட்டி."

தங்கையிடமிருந்து பேனாவை வாங்கினாள். மாநில ஆய்வுக் குழு வருகை என்பதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து அடித்தாள். கோட்டுக்கு அடியில் எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. எதை அடித்தாள், எதற்காக அடித்தாள் என்பதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.