எட்டு விநாடி முகம்

செல்போனில் பார்த்தபோது செத்தவரின் கண்கள் மூடித்தான் இருந்தன. கம்ப்யூட்டரில் அதே படத்தைப் போட்டபோது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கன்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஓடவிட்டான். சவப்பெட்டி, வெள்ளை சாட்டின் துணி, சம்பங்கி மாலை, நடுவில் க்சாவியேவின் முகம். எட்டு விநாடி. வலது இமைக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நூல் பிரிந்த மாதிரி, அவ்வளவு மெல்லிசு. போனின் திரை தீப்பெட்டி அளவு. அதில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மத்தியானம் இரண்டு மணி. ஒன்றிலிருந்து நாலு வரை கடையை இறக்கிவிட்டுத் தூங்குவது பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டது. அவன் கப்பலேறி ஐம்பது வருஷமாகியும் புதுச்சேரி இன்னும் எழுந்திருக்கவில்லை. பெரிய மார்க்கெட்டின் பின்சந்து மாடியில் இருந்தது கன்னியப்பனின் வீடியோ மிக்சிங் அறை. வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தான். அந்தத் தாளையும் தாண்டி, கீழே மீன் கடைகளைக் கழுவிவிட்ட தண்ணீரின் வாடை படியேறி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல். ஏசியிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் சொட்டுகிற தண்ணீர். வேறு சத்தம் கிடையாது.

நாலு மணிக்கு மரி-லோர் வருவார். க்சாவியேவின் மனைவி, நாலு நாளாக விதவை. அன்று இரவு அவர் உறவுக்காரர் ஒருவர் பாரிசுக்கு விமானம் ஏறுகிறார்; அவர் கையில் டிவிடி போயாகவேண்டும். மகன் லூதோவிக் அங்கே காலில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தான், சாவுக்கு வர முடியவில்லை. நேற்று போனில் பேசியிருந்தான்.

"அண்ணே, பொட்டி மூடறதுக்கு முன்னாடி பப்பா முகம் இருக்குதுல்ல? மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும். அது வந்ததும் டீவிய நிறுத்திட்டு, நானும் புள்ளைங்களும் நெத்தியில முத்தம் குடுக்கணும்."

"இருக்குது தம்பி. சூப்பரா வந்திருக்குது."

சாவு வீடியோவைச் சூப்பர் என்று சொன்ன முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். அதுவும் பொய்.

அந்த முகத்தை அவன் எடுக்கவே இல்லை. பெட்டி மூடும் நேரம், வீட்டார் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுக்கிற நேரம், நெரிசலில் ரெக்கார்டு பொத்தானை இரண்டு தரம் அமுக்கிவிட்டான். ஒரு தரம் அமுக்கினால் ஓடும். இரண்டு தரம் அமுக்கினால் நின்றுவிடும். நின்றுபோன கேமராவைத் தோளில் தாங்கிக்கொண்டு பதினோரு நிமிஷம் கண்கலங்க நின்றிருக்கிறான். கல்லறைக்குப் போகிற வழியில் 'போதும்' என்று அமுக்கியபோதுதான் அது ஓட ஆரம்பித்தது. டேப்பில் விழுந்திருந்தது அவனுடைய ரப்பர் செருப்பும் தார் ரோடும்தான்.

வெளியே தெரிந்தால் மாதா கோயில் குடும்பங்களில் ஒன்றுகூட இனி அவனைக் கூப்பிடாது. கல்யாணம், புதுநன்மை, சாவு, எல்லாம் போச்சு. பதினைந்து வருஷத் தொழில்.

ஆகவே ஒரு காரியம் செய்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அதே வீட்டில் மகள் ஈனெஸின் கல்யாணத்தை எடுத்ததும் அவன்தான். அந்த டேப்பில் ஓரிடத்தில் வீடியோ லைட் நேராக முகத்தில் அடித்து, க்சாவியே கண்ணைச் சிமிட்டியிருந்தார். இமை முழுசாக இறங்கியிருந்த அந்த ஒரே ஒரு பிரேமைப் பிடித்து நிறுத்தினான். தலையை மட்டும் வெட்டினான். தூரத்தில் எடுத்திருந்த பெட்டியின் சாட்டின் துணிமேல் ஒட்டி, எட்டு விநாடிக்கு இழுத்து, அடியில் ஆர்கன் இசையும் ஓடவிட்டான். நேற்று மரி-லோர் வந்து பார்த்தார், இந்தக் கம்ப்யூட்டரில்தான். "அப்படியே தூங்கறாப்ல இருக்காரு" என்று அழுதார்.

ஒன்றை மட்டும் கன்னியப்பன் நினைக்காமலிருக்கப் பார்த்தான். கல்யாணத்தில் அந்த லைட் அடித்த கையோடு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்த கிழவர் க்சாவியே, விருந்தாளிகளை விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் வந்து காதோரம் குனிந்தார்.

"கண்ணு மூடிட்டேன்டா. மூடுன கண்ணோட என் படம் எங்கயும் இருக்கக்கூடாது. அழிச்சிடு."

"அழிச்சிடறேன் முசியே."

"அழிக்கலன்னா வந்து பாப்பேன்."

படத்தை முழுத்திரைக்குப் பெரிசாக்கினான். நூல் இப்போது அரிசி அகலமாகியிருந்தது. இடது கண்ணிலும். சின்னதாக்கினான், மூடிக்கொண்டது. பெரிசாக்கினான், திறந்தது. கன்வெர்ட் பண்ணும்போது புள்ளி உடைந்திருக்கும் என்று வாய்விட்டே சொன்னான். அறையில் யாருமில்லை, ஆனாலும் சொல்லிவிட்டு யாரோ தலையாட்டுவார்கள் என்று காத்திருந்தான்.

மூலையில் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டுகிற இருபத்தொன்பது அங்குல டீவி இருந்தது. அதில் போட்டுப் பார்க்க அவனுக்குக் கை வரவில்லை. ஆனால் லூதோவிக் முத்தம் கொடுக்கப்போவது டீவியில்தான். டிவிடியைச் செருகினான். பூசை ஓடியது, கூட்டம் ஓடியது, கறுப்புக் குடைகள் ஓடின. முகம் வந்தது.

கண்கள் பாதி திறந்திருந்தன. கருவிழி சாம்பல் பூத்திருந்தது. அது கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கமாக, கன்னியப்பன் நின்றிருந்த இடத்தைப் பார்த்தது. அவன் ஓரடி வலப்பக்கம் நகர்ந்தான்.

விழியும் நகர்ந்தது.

ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணினான். ஒன்பது. பத்து. பதினாறு வந்தும் முகம் போகவில்லை. தட்டை வெளியே எடுத்தான். கையில் சுடச்சுட இருந்தது. டீவியில் முகமும் இருந்தது.

கம்ப்யூட்டருக்கு ஓடி அந்த ஷாட்டை அழித்தான். மூலப்படத்தை அழித்தான். கல்யாண டேப்பை உருவி, நாடாவைக் கையால் இழுத்து இழுத்து, காலடியில் குவித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

வாளியில் சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மீன் வாடையும் இல்லை. அதற்குப் பதில் சம்பங்கி. வாடி, தண்ணீர் விட்டு, அழுக ஆரம்பித்த சம்பங்கி.

மேசைமேல் போன் அதிர்ந்தது. புளூடூத். பக்கத்திலிருக்கும் ஏதோ போனிலிருந்து படம் வருகிறது, வாங்கிக்கொள்ளவா என்று கேட்டது. அனுப்புகிற போனின் பெயர் க்சாவியே.

வேண்டாம் என்று அமுக்கினான். மறுபடி கேட்டது. வேண்டாம். மூன்றாம் தரம் கேட்கவில்லை. படம் வந்துவிட்டது.

அதில் ஒரு ஆள் இருட்டறையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காலடியில் டேப் நாடா குவிந்திருக்கிறது. முகத்தில் நீல வெளிச்சம். டீவி இருக்கிற இடத்திலிருந்து எடுத்த படம். கண்கள் அகலத் திறந்திருந்தன.

அடுத்த படம் வந்தது. அவனேதான். கண் திறந்திருந்தது. அடுத்தது. திறந்திருந்தது. அடுத்தது.

கிழவர் ஒன்றைத் தேடுகிறார் என்று அவனுக்குப் புரிந்தது. அவனும் அப்படித்தான் தேடினான். பிரேம் பிரேமாக நகர்த்தி, இமை இறங்கிய அந்த ஒன்றுக்காக. ஒன்று போதும்.

சிமிட்டக் கூடாது.

சுவரோடு ஒட்டி நின்றான். கண் எரிந்தது. கதவு நாலடி தூரம். டீவிக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்தான். கண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, விரலால் இரண்டு இமைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டான். மூன்றடி. போன் அதிர்ந்தது. திறந்திருந்தது. இரண்டடி. அதிர்ந்தது. தாழ்ப்பாளைத் திறக்க ஒரு கை வேண்டும். ஒரு கண்ணை விட்டான். பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது.

கதவோரம் ஸ்டாண்டில் அவனுடைய வீடியோ லைட் நின்றது. ஆயிரம் வாட். ஒயரைச் சுருட்டி அதன் கழுத்திலேயே கட்டியிருந்தான்.

அது எரிந்தது.

நேராக முகத்தில்.

கிளிக்கென்று பொத்தான் அமுங்குகிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு தரம்.

கன்னியப்பன் கண்ணைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தான். கழுத்துக்குக் கீழே எதுவும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கன்னத்தின் இரண்டு பக்கமும் சாட்டின் துணி வழுவழுவென்று உரசியது. மேலே எங்கோ ஆர்கன் ஓடிக்கொண்டிருந்தது. இசையை இன்னும் கொஞ்சம் நல்லதாகப் போட்டிருக்கலாம். எவ்வளவு நேரமோ. நாலு மணி அடித்ததா, விமானம் போனதா, ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மரி-லோரின் குரல், போன் ஸ்பீக்கரில் வருகிற மாதிரிக் கரகரப்பாக.

"முகம் வந்துச்சா லூதோவிக்? நல்லா விழுந்திருக்குதா?"

"வந்திருக்குதும்மா. கொஞ்சம் கறுத்துட்டாப்ல இருக்காரு."

"செத்தா அப்படித்தான்டா. முத்தம் குடு."

நெற்றியில் ஓர் உதடு அழுந்தியது. சூடு தெரிந்தது, ஈரம் தெரியவில்லை. நடுவில் டீவிக் கண்ணாடி. அடுத்து ஒரு சின்ன உதடு. அதற்கடுத்து இன்னும் சின்னது.

கன்னியப்பன் தனக்கு மிச்சமிருந்த பலத்தையெல்லாம் வலது இமைக்குக் கொடுத்துத் தள்ளினான். நூலளவு வெளிச்சம் வந்தது.

"பப்பா," என்றது ஒரு குழந்தை, ரொம்பக் கிட்டத்தில். "தாத்தா கண்ணுக்கு அடியில வெள்ளையா என்னமோ இருக்குது."

"டிவிடி கோளாறு. தள்ளி உக்காரு," என்றான் லூதோவிக். நிறுத்தி வைத்திருந்த படத்தை ஓடவிட்டான்.

ஆறு. ஏழு. எட்டு.

அந்த நூல் வெளிச்சத்தில், தான் எடுக்கத் தவறிய ஷாட்டைக் கன்னியப்பன் பார்த்தான். நாலு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கல்யாணக் கோட்டுப் போட்ட ஒரு கிழவர் கேமராவைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். கண்ணைச் சிமிட்டவே இல்லை.

மூடி இறங்கியது.