சுக்குக் காப்பியும் வலது கால் செருப்பும்

"என் வீட்டுக்காரவுகளுக்கு நான் விஷம் வச்சுட்டேன்னு சொல்றாகம்மா" என்றபடிதான் பர்வீன் அந்த மாடி அறைக்குள் நுழைந்தாள்.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற சண்முகவடிவு அங்கே துப்பறியும் தொழில் நடத்தினாள். உதவிக்கு மாதவன். போட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டு வந்து சேர்ந்த ஐம்பது வயதுக்காரன். எந்த வழக்கிலும் நாற்காலி சூடாவதற்குள் குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவான். என்ன, அது ஒருநாளும் சரியாக இருந்ததில்லை.

பர்வீன் நடந்ததைச் சொன்னாள். கணவன் முகம்மது ரபீக் போன வாரம்தான் சவுதியிலிருந்து சொந்த ஊரான வீரசோழனுக்கு வந்திருந்தான். நேற்றுக் காலை அவள் கொடுத்த சுக்குக் காப்பியில் பாதியைக் குடித்ததும் மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டான். இருமினால் ரத்தம். தூக்கிக்கொண்டு வந்து அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"அவுக அண்ணன் மீரா சாகிபு பருத்தி வியாபாரம் பாக்குறாக. வீட்டுல பூச்சி மருந்து இருக்கு. முந்தின நாள் எனக்கும் இவுகளுக்கும் சண்டை. திரும்ப சவுதிக்குப் போக வேணாம்னு நான் சொன்னேன். எல்லாத்தையும் முடிச்சுப் போட்டு டாக்டர்கிட்ட விஷம்னே சொல்லிட்டாக. சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாகளாம். நான் ஜெயிலுக்குப் போறது கிடக்கட்டும். வயித்தைக் கழுவியும் மூச்சு வாங்குறது நிக்கலைம்மா. அவுக எனக்கு வேணும்."

"தினமும் காலையில சுக்குக் காப்பிதானா?" என்றாள் சண்முகவடிவு.

"இல்லைம்மா, டீதான். நேத்து மூச்சை இழுத்தா விலாவுல குத்துது, வாயுவா இருக்கும், சுக்குத் தட்டிப் போட்டுக் குடுன்னாக."

சண்முகவடிவு எழுந்து செருப்பை மாட்டினாள்.

வீரசோழன் வீட்டு வாசலில் கழுத்தைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெண் காத்திருந்தாள். "இன்னைக்கு முடியாதும்மா, மனசு சரியில்லை. நாளைக்கு வா" என்று அவளை அனுப்பிவிட்டுத்தான் மீரா சாகிபு இவர்களை உள்ளே விட்டார். அழுது சிவந்த கண்கள். மனிதர் நடிக்கவில்லை என்பது மாதவனுக்கே தெரிந்தது.

தட்டு போட்டு மூடி வைத்திருந்த டம்ளரை அவரே எடுத்து வந்தார். "போலீஸுக்குக் காட்ட வச்சிருக்கேன்." சண்முகவடிவு தட்டைத் தூக்கினாள். மீதிக் காப்பியின் ஓரத்தில் எறும்புகள் சுறுசுறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன.

வாசலோரம் ரபீக்கின் வார்ச் செருப்பு கிடந்தது. இடது வார் நடுத் துளையில் மாட்டியிருந்தது. வலது வார் கடைசித் துளையில்.

"மேடம், கிடைச்சிருச்சு" என்று ரபீக்கின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கிண்ணத்தோடு எழுந்தான் மாதவன். "ஒரே கசப்பு நாத்தம். விஷத்தை இதுலதான் கலந்திருக்காக."

"அது வேப்பெண்ணெய், மாதவன். கொஞ்சம் சும்மா இருங்க." விரிப்பின் கால்மாட்டில், வலது பக்கம் மட்டும், எண்ணெய்க் கறை இருந்தது. அவள் உடனே போனை எடுத்து ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடித்தாள். "போர்வையை விலக்கி வலது காலைப் பாருங்க டாக்டர். ஆடுசதை வீங்கியிருக்கா?"

டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமா, நல்லா வீங்கியிருக்கு" என்றார். விஷம் என்றதும் எல்லோரும் வயிற்றைத்தான் பார்த்தார்கள், காலை யாரும் பார்க்கவில்லை. ரபீக்கை உடனே மதுரைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பர்வீனும் மீரா சாகிபும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். சண்முகவடிவு இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு. நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாயில ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. ஊசி போட்டிருக்காக, பிழைச்சுக்குவார்."

பர்வீன் அங்கேயே விம்மி அழுதாள்.

"எனக்கு முதல்லயே சந்தேகம் வந்தது அந்தக் காப்பியாலதான். தினமும் டீ குடிக்கிற மனுசன் சுக்குக் காப்பி கேட்டிருக்கார்னா, வலி முன்னாடியே வந்திருச்சு. காப்பி பின்னாடிதான் வந்துச்சு. பூச்சி மருந்து கலந்திருந்தா எறும்பு பிழைச்சிருக்காது. மூச்சை இழுத்தாக் குத்துதுன்னாரே, அது வாயு இல்லை. கட்டி அடைச்ச இடத்துல நுரையீரலைச் சுத்தியிருக்க உறை புண்ணாகி, மூச்சுக்கு மூச்சு உரசுற வலி."

"கட்டி எங்கிருந்து வந்துச்சு மேடம்?" என்றான் மாதவன்.

"காலுல இருந்து. பிளேன்லயும் பஸ்ஸுலயும் மடக்கின கால் மடக்கினபடி வந்திருக்கார். கெண்டைக்கால்ல ரத்தம் உறைஞ்சு வீங்கி, செருப்பு வாரைத் தளத்துற அளவுக்குப் போயிருக்கு. பந்தோபஸ்துல நின்னு நின்னு எனக்கும் இதே வந்துச்சு. டாக்டர் என்னைய முதல்ல எச்சரிச்சது, காலை யாரும் அமுக்கக் கூடாதுன்னுதான். அமுக்கினா கட்டி பிச்சுக்கிட்டு நெஞ்சுக்கு ஏறிரும்."

அவள் மீரா சாகிபு பக்கம் திரும்பினாள். "வாசல்ல அந்தப் பொண்ணு கழுத்துச் சுளுக்கோட நின்னுச்சு. நீங்க ரெட்டைப் பிள்ளையில ஒருத்தர்தானே பாய்?"

இரட்டையாகப் பிறந்தவர்கள் வழித்துவிட்டால் சுளுக்கு போய்விடும் என்று அந்தப் பக்கம் நம்பிக்கை. மீரா சாகிபுவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆமாம்மா. என்னோட பிறந்தவன் சின்னதுலயே மவுத்தாயிட்டான், இப்ப நான் ஒருத்தன்தான்" என்றார். "அன்னைக்கு முந்தின ராத்திரி காலு இழுக்குதுன்னு தம்பி சொன்னான். சுளுக்குன்னு நெனச்சேன். நான்தான் எண்ணெய் போட்டு நல்லா அழுத்தி வழிச்சு விட்டேன். அப்ப நான்தானா?"

"தெரியாமச் செஞ்சது. ஆனா தெரியாமலே இந்தப் பொண்ணு மேல பழியப் போட்டீக. அதை நீங்கதான் எடுக்கணும்."

அன்று சாயங்காலம் ரபீக் கண் விழித்தான். எல்லோரையும் பார்த்துச் சிரிக்க முயன்றான். பிறகு அண்ணனைத் தேடினான்.

"அண்ணே, காலு இன்னும் இழுக்குது. லேசா வழிச்சு விடுங்க."

மீரா சாகிபு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்டக் கேக்காத தம்பி" என்றார். "நான் கொலைகாரின்னு சொன்ன இந்தப் புள்ளைதான் உன் உசுரைக் காப்பாத்துச்சு. இனி உன் உடம்பு பத்தி எதுன்னாலும் அதுகிட்டக் கேளு."

பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீங்கிய காலில் கை படாமல் போர்வையை மெல்ல இழுத்து மூடினாள்.