யுகேஷ் விட்டுப்போன லென்சுகள்

மடவளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஸமீமின் வீட்டுக்கு நிரோஷினி போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவருடைய முன்னறை ஒரு காலத்தில் ஸ்டூடியோ. இப்போது அங்கேதான் பழைய ஃபிலிம் கமராக்களைத் திருத்தி விற்கிறார். ஜன்னலை மூடியிருந்த கறுப்புத் துணியை இன்னும் கழற்றவில்லை. பகலிலேயே உள்ளே இருட்டு. ஈரச் சுவரின் வாடை.

அவள் பையிலிருந்து மூன்று லென்சுகளை எடுத்து மேசையில் வைத்தாள். அண்ணன் யுகேஷுடையவை. தன் கமராவைத் துணி துவைக்கும் கல்லில் அடித்து உடைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் கட்டாருக்குப் போனவன் அவன். அம்மாவின் ஒபரேஷனுக்குக்கூட வரவில்லை. கண்டி மஹய்யாவ வீட்டு அலுமாரியில் லென்சுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றாலேயே அம்மாவைப் படமெடுத்து அனுப்பினால் அவன் மனம் இளகும், வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள்.

"இது திருகிப் பூட்டுற ஜாதி, மகள். எல்லாக் கமராக்கும் சரி வராது" என்றார் ஸமீம். "இதுக்குப் பொருந்துறது நம்மட்ட மூணு ஈக்கி. பாத்துப் பாத்து எடுங்க."

முதலாவது கமரா நல்ல கனம். வெளிச்சம் அளக்கும் முள் செத்துப்போயிருந்தது. லென்சைத் திருகிப் பூட்டி, எதிரே திறந்திருந்த நடைவாசலைப் பார்த்தாள். தூரம் சரிசெய்யும் வளையத்தை மெல்லத் திருப்பினாள். வாசல் தெளிந்தது. வளையத்தின் மறுகோடிவரை, மலைகளைப் பிடிக்கிற தூரம்வரை திருப்பினாள். வாசலும் சுவரும் கரைந்து புகையாகின.

அந்தப் புகைக்குள் ஒருத்தி மட்டும் தெளிவாக நின்றாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு. தோளில் பரந்த கூந்தலின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

நிரோஷினி கமராவை இறக்கினாள். நடைவாசல் வெறுமையாக இருந்தது.

"உள்ள யாரும் இருக்காங்களா?"

"இல்லயே. வீட்ல எல்லாரும் அலவத்துகொடக்கிப் போயிட்டாங்க. ஏன்?"

"ஒன்னுமில்ல. மத்ததைக் காட்டுங்க."

யாரோ முன்பு இழுத்த காற்றையே தானும் இழுப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. இரண்டாவது கமராவின் பின்கதவைத் திறந்தபோது, வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டியிருந்த ஸ்பொஞ்சு உருகி விரலில் பிசினாக ஒட்டியது. துடைத்துவிட்டு லென்சை மாற்றிப் பூட்டினாள். கமராவில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பார்த்தாள்.

இந்தமுறை வளையத்தைப் பாதிக்குமேல் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண் கிட்ட வந்திருந்தாள். தலை லேசாகத் திரும்பியிருந்தது. காது தெரிந்தது. காதிலிருந்து நீர் சொட்டியது.

கமரா மேசையில் விழுந்த சத்தத்தில் ஸமீம் எழுந்துவிட்டார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு லென்சைக் கழற்றி, தன்னுடைய லென்ஸ் ஒன்றைப் பூட்டிப் பார்த்தார். மறுபடி அவளுடையதைப் பூட்டினார்.

"யா அல்லாஹ்" என்றார் மெல்ல. "கமரால இல்ல மகள். ஒங்கட லென்ஸ்லதான். இது யாருட?"

அவள் மூன்றாவது கமராவை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பின்னாளில் அவளுக்கே விளங்கவில்லை. பார்க்காமல் இருப்பது, பார்ப்பதைவிடப் பயமாக இருந்தது. நல்ல கமரா அது. கண்ணாடி பளிச்சென்றிருந்தது. லென்ஸ் வழுக்கிக்கொண்டு பூட்டியது.

வளையத்தைக் கிட்டத்துப் பக்கமாகத் திருப்பினாள். புகை. இன்னும் திருப்பினாள். புகை. வளையம் அதற்குமேல் போகமாட்டேன் என்று நின்ற இடத்தில், ஒரு கண் தெரிந்தது.

கண் மட்டும்.

அது அவளைத்தான் பார்த்தது.

அவள் வாசற்படிக்கு ஓடிவந்து யுகேஷுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. கடைசியில் எடுத்தான்.

"அண்ணா, ஒன்னோட லென்ஸைக் கமராவுல மாட்டிப் பாத்தேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"ஏன் நிரோ அதைத் தொட்ட?" குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அவ எவ்வளவு தூரத்துல நின்னா?"

"கிட்ட."

"வளையம் எங்க நின்னுச்சு? அதைச் சொல்லு."

"கிட்டத்துக் கடைசிக் கோட்டுல. அதுக்கு மேல திரும்பல."

அவன் கதவைச் சாத்தித் தாழ் போடுவது கேட்டது.

"அண்ணா?"

"எனக்கு அம்புட்டு கிட்ட வந்ததில்ல. பாதியிலேயே ஒடச்சிட்டேன். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டா, அப்புறம் லென்ஸ்ல தெரிய மாட்டா, நிரோ."

உள்ளே ஸமீம் மூன்றாவது கமராவைக் கண்ணில் வைத்து, அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இறக்கினார். முகத்தில் நிம்மதி.

"இப்ப ஒண்டும் இல்ல மகள். அது போயிட்டு. நல்லாப் பாத்துட்டன். எங்கயும் இல்ல."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். லென்சுகளை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னாள். பள்ளிவாசல் மௌலவியிடம் காட்டி ஓதுவித்து, ஆற்றில் போட்டுவிடுவதாக அவர் சொன்னார். குடையைக்கூட எடுக்காமல் ரோட்டுக்கு வந்து, கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

கட்டுகஸ்தோட்டைக்கு வரும்போது பஸ் நிரம்பி வழிந்தது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மிதிபலகையிலும் தொங்கினார்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், கடந்து போனார்கள். பாலத்தில் பஸ் ஏறியபோது, இரண்டு கைகளிலும் மரக்கறிப் பைகளோடு நின்ற ஒரு பெண் குனிந்தாள்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க" என்றாள். "ஒங்க மடியில படுத்திருக்கிறவங்களக் கொஞ்சம் எழுப்புறீங்களா? நானும் உக்காந்துக்கிறேன்."